கம்ப்யூட்டர் காட்டிய கடன்

இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில் சவுத் வார்ன்பரோ என்று ஒரு சின்ன கிராமம். அங்கே ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி ஊர்க்கடையையும், கடைக்குள்ளேயே இருந்த கிளை அஞ்சலகத்தையும் நடத்திவந்தார். 2003 டிசம்பரில் கணக்கு முடிக்கும்போது சுமார் 2,000 பவுண்டு துண்டு விழுந்தது. பணம் எங்கே போனது என்று அவருக்குப் புரியவில்லை. அஞ்சலகத்தின் ஹெல்ப்லைனுக்குப் போன் செய்தார். எதிர்முனையில் இருந்தவர் இதை அழுத்துங்கள், அப்புறம் அதை அழுத்துங்கள் என்று சொல்லச் சொல்ல இவரும் அழுத்தினார். கண்முன்னே திரையில் 2,000 இரண்டு மடங்காகி 4,000 ஆனது. அந்த 4,000-ஐயும் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் கட்டினார். சம்பளத்தில் பிடித்தார்கள், வீட்டை அடமானம் வைத்தார், துண்டு விழுவது நிற்கவில்லை. கடைசியில் 36,000 பவுண்டு வரை போய், திருட்டு வழக்கில் வந்து நின்றது. விசாரணை அதிகாரி தன் அறிக்கையில், திருடியதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்றே எழுதியிருந்தார். ஆனாலும் வழக்கு போட்டார்கள். திருட்டுக் குற்றச்சாட்டைக் கைவிட வேண்டுமானால் பொய்க்கணக்கு எழுதியதை ஒப்புக்கொள்ள வேண்டும், பணத்தைக் கட்ட வேண்டும், கம்ப்யூட்டர் மீது பழி சொல்லக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டார். பணத்தைக் கட்ட ஊர்க்காரர்கள் வசூல் செய்து கொடுத்தார்கள். அந்த ஊரில் ஒருவரும் அவர் திருடினார் என்று நம்பவில்லை.

1999 முதல் 2015 வரை இதே மாதிரி 900-க்கும் மேற்பட்டவர்கள் பிரிட்டனில் குற்றவாளி என்று தீர்ப்பு பெற்றார்கள். காரணம் ஹரைசன் என்ற ஒரே கணக்கு மென்பொருள். பிரிட்டனின் நீதித்துறை வரலாற்றிலேயே மிகப் பரவலான அநீதி என்று இதைச் சொல்கிறார்கள். பொது நிறுவனங்களில் திறமையும் பொறுப்பும் தேய்ந்துவிட்டன என்று நாம் எல்லோரும் பொதுவாகப் புலம்புகிறோம். தேய்வது எப்படி நடக்கிறது, யார் எந்த இடத்தில் என்ன செய்தார்கள் என்று ஆவணத்தோடு பார்க்கக் கிடைத்திருக்கும் வழக்கு இது. திறமையும் பொறுப்பும் இரண்டு தனிப் பிரச்சினைகள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த வழக்கைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. தவறுக்கான விலையை வேறொருவர் கட்டுகிற இடத்தில், தவறு செய்தவர் எதையும் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே வருவதில்லை. திறமையின்மை அங்கே வருடக்கணக்கில் சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது.

மென்பொருளிலிருந்தே தொடங்கலாம். 1996-ல் ஐசிஎல் நிறுவனத்துக்கு இந்த வேலை தரப்பட்டது. பிறகு அதுவே ஃபுஜிட்சு என்ற பெயருக்கு மாறியது. அரசு உதவித்தொகை வாங்குவோருக்கு அட்டை கொடுத்து, அஞ்சலகத்தில் பணம் எடுக்க வைப்பதுதான் முதல் திட்டம். தாமதமும் செலவும் ஏறிப்போய், 1999-ல் அரசு அந்த அட்டைத் திட்டத்தைக் கைவிட்டது. மிச்சமிருந்ததைக் கிளை அஞ்சலகங்களின் கணக்கு முறையாக மாற்றி அஞ்சலகத்தின் கையில் கொடுத்தார்கள்.

அந்த மென்பொருளை எழுதிய குழுவில் இருந்த ஒருவர், இந்த விவகாரத்தை ஆராயப் பிற்பாடு அரசு அமைத்த விசாரணை ஆணையத்தில் சாட்சி சொன்னார். எட்டுப் பேரில் இரண்டு பேர் நன்றாக வேலை தெரிந்தவர்கள், இரண்டு பேர் சுமார், மற்றவர்களுக்குத் தொழில்முறையாக நிரல் எழுதவே வராது என்றார். மிகைப்படுத்துகிறார் என்று தோன்றலாம். ஆனால் 1998-ல் நிறுவனத்துக்குள்ளேயே எழுதப்பட்ட ஓர் அறிக்கையில் எடுத்துக்காட்டும் இருக்கிறது. ஓர் எண்ணின் குறியை மாற்ற வேண்டும், அதாவது 5 வந்தால் −5 ஆக்க வேண்டும். முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் முடிந்தது. அந்த நிரலில் என்ன செய்திருந்தார்கள் என்றால், வந்த எண்ணை இரண்டால் பெருக்கி, அதை அதே எண்ணிலிருந்து கழித்திருந்தார்கள். 5-லிருந்து 10 போனால் −5. விடை சரிதான். எழுதிய கை எப்படிப்பட்டது என்பதுதான் பயமுறுத்துகிறது. இதை எழுதியவருக்கு அடிப்படைக் கணிதமும் தெரியவில்லை, நிரல் எழுதுவதன் ஆரம்ப விதிகளும் தெரியவில்லை என்று அந்த அறிக்கையே சொல்லிவிட்டது. கிளைகளின் கணக்கைப் பார்க்கும் பகுதி முழுவதையும் திரும்ப எழுத வேண்டும் என்ற பரிந்துரையும் வந்தது. செலவுக்கு ஏற்ற பயன் இல்லை என்று நிர்வாகம் அதைத் தள்ளிவைத்தது.

யாருக்குச் செலவு, யாருக்குப் பயன் என்று அப்போதே ஒருவர் கேட்டிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். தவறு வந்தால் கட்டப்போவது மென்பொருள் நிறுவனமும் இல்லை, அஞ்சலகமும் இல்லை. அதற்கு ஒப்பந்தத்தையே காரணம் காட்டினார்கள்.

பிரிட்டனில் பெரும்பாலான கிளை அஞ்சலகங்களை அஞ்சலக ஊழியர்கள் நடத்துவதில்லை. மளிகைக் கடையோ பேப்பர் கடையோ வைத்திருப்பவர், தன் சேமிப்பைப் போட்டு, ஒப்பந்த அடிப்படையில் நடத்துவார். சப்-போஸ்ட்மாஸ்டர் என்று பெயர். தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்கள் பல இந்தத் தொழிலில் இருந்தன. தன் கவனக்குறைவாலோ பிழையாலோ வரும் நஷ்டத்துக்கு சப்-போஸ்ட்மாஸ்டரே பொறுப்பு என்பது ஒப்பந்தத்தின் ஒரு விதி. அஞ்சலகம் அதைப் படித்த விதம் வேறு. எந்த நஷ்டம் வந்தாலும் அவர் பொறுப்பு, இல்லை என்றால் அவரே நிரூபிக்கட்டும் என்பதுபோல நடந்துகொண்டது. நிரூபிக்க வேண்டிய தரவோ பூட்டிய பெட்டிக்குள் இருந்தது.

கணக்கு முடிக்கும் திரை எப்படி இருந்தது என்பதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். துண்டு விழுந்தால் பணத்தை உடனே போடலாம், அல்லது தலைமை அலுவலகக் கணக்குக்கு மாற்றிவிட்டுப் பிறகு கட்டலாம். இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை என்று சொல்ல ஒரு பொத்தான் கிடையாது. ஏதாவது ஒன்றை அழுத்தி ஒப்புக்கொள்ளாமல் அடுத்த கணக்குக் காலத்தைத் திறக்க முடியாது. திறக்காவிட்டால் மறுநாள் கடை இல்லை. காலையில் ஓய்வூதியம் வாங்க ஊர்க் கிழவர்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால் பலர் பணம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டு, தேடிக் கண்டுபிடித்துவிடலாம் என்று கடையைத் திறந்தார்கள். சட்டத்தின் கண்ணில் அதுதான் பொய்க்கணக்கு.

பிழைகள் எப்படிப்பட்டவை? 2015-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன், ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் ஊர்ப் பெயரிலேயே அதைக் குறிப்பிடுகிறார்கள். 8,000 பவுண்டு ரொக்கப் பை வருகிறது. அதை வரவு வைக்கக் கிளையில் இருப்பவர் ஒரு விசையை அழுத்துகிறார். திரை அசையவில்லை. நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், மறுபடி மறுபடி அழுத்தினார். உள்ளே அந்தப் பை நான்கு முறை வரவானது. கையில் இருப்பது 8,000, கணக்கில் 32,000. ஆக 24,000 பவுண்டு துண்டு. அந்தப் பிழை 2010-லிருந்தே மென்பொருளில் இருந்திருக்கிறது என்று பிறகு நீதிமன்றத்தில் தெரியவந்தது.

துண்டு விழுந்தவர்கள் ஹெல்ப்லைனைக் கூப்பிட்டார்கள். யார்க்ஷயர் கடற்கரையில் பிரிட்லிங்டனில் கிளை நடத்திய லீ காசில்டன் 91 முறை கூப்பிட்டார். அவர் மீது சுமார் 25,000 பவுண்டுக்கு வழக்கு போட்டார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாமல் தானே வாதாடினார். 2007-ல் தோற்றார், அஞ்சலகத்தின் வழக்குச் செலவான 3,21,000 பவுண்டும் அவர் தலையில் விழுந்தது, மனிதர் திவாலானார். கூப்பிட்டவர்களில் எத்தனையோ பேருக்கு ஒரே பதில் கிடைத்தது: உங்களுக்கு மட்டும்தான் இப்படி வருகிறது, வேறு யாருக்கும் வரவில்லை. ஒவ்வொருவரும் தன் ஊரில் தனியாக உட்கார்ந்து, தனக்குத்தான் கணக்கு தெரியவில்லையோ, கடையில் வேலை செய்யும் பெண் எடுத்துவிட்டாளோ, தன் பிள்ளையே எடுத்தானோ என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு என் அம்மாவின் ஞாபகம் வருகிறது. அம்மாவுக்கு வர வேண்டிய ஒரு தொகை நின்றுபோய், அதைக் கேட்க ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போயிருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் தட்டிப் பார்த்துவிட்டு, “சிஸ்டத்துல இவங்க இறந்துட்டதா காட்டுதுங்க” என்றார். அம்மா என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அந்தப் பெண் கெட்டவர் இல்லை, முகம் சங்கடத்தில் சுருங்கிவிட்டது. மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். திருத்துவதற்கு அவரிடம் வழி இல்லை, யாரிடம் சொன்னால் திருத்துவார்கள் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்கு நான்கு மாத அலைச்சலோடு முடிந்தது. அங்கே 900 பேருக்கு நீதிமன்றத்தில் முடிந்தது.

ஏனென்றால் அஞ்சலகம் தானே வழக்கு போடும் நிறுவனம். அந்த 900-ல் சுமார் 700 வழக்குகள் அது நேரடியாகப் போட்டவை. பணத்தை இழந்ததாகச் சொல்பவரும், விசாரிப்பவரும், வழக்கு நடத்துபவரும் ஒரே ஆள். போலீஸோ அரசு வழக்கறிஞரோ நடுவில் நின்று, இந்தப் பணம் உண்மையிலேயே காணாமல் போனதா, இவர் செலவு செய்த தடம் எங்கே என்று கேட்கும் வாய்ப்பே இல்லை. இவர்களுடைய விசாரணைப் பிரிவு பயன்படுத்திய ஒரு படிவம் 2023-ல் வெளியே வந்தது. சந்தேகத்துக்குரியவர்களை இன வகைகளாகப் பிரித்து, கறுப்பின மக்களைக் காலனி காலத்து இழிசொல்லால் குறித்திருந்தார்கள். அதற்கு மட்டும் உடனே மன்னிப்புக் கேட்டார்கள்.

சட்டமும் கைகொடுத்தது. 1984-ல் வந்த ஒரு சட்டத்தின் 69-ஆம் பிரிவு, கணினிப் பதிவைச் சாட்சியமாகக் காட்ட வேண்டுமானால் அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று காட்ட வேண்டும் என்றது. நடைமுறைக்குச் சிரமம் என்று சொல்லி அதை நீக்கினார்கள். 2000-லிருந்து, கணினி சரியாக இயங்கியது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்பவர் காரணம் காட்ட வேண்டும் என்று ஆனது. ஹரைசன் கிளை கிளையாகப் பொருத்தப்பட்டுக்கொண்டிருந்த அதே நேரம். அதே 2000-ஆம் ஆண்டில் இந்தியா தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோடு சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவைச் சேர்த்து, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்றது. அந்த 65பி-க்கு முன்மாதிரி பிரிட்டனின் பழைய 1968-ஆம் ஆண்டுச் சட்டம். நம் நீதிமன்றங்களில் அந்தச் சான்றிதழ் பல நேரம் சடங்காகப் போய்விடுகிறது என்பதும் உண்மை. இருந்தாலும் கேள்வி கேட்க ஒரு வாசலாவது இருக்கிறது.

வாசல் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு சீமா மிஸ்ராவின் வழக்கைப் பார்க்க வேண்டும். சர்ரே பகுதியில் வெஸ்ட் பைஃப்ளீட்டில் கிளை நடத்தியவர். 74,000 பவுண்டு திருடியதாகக் குற்றச்சாட்டு. அவர் ஒப்புக்கொள்ளவில்லை, ஹரைசன் மீதே சந்தேகம் என்று நின்றார். 2010 அக்டோபரில் ஜூரி முன் விசாரணை நடந்தது. ஃபுஜிட்சுவின் பொறியாளர் வந்து மென்பொருள் நம்பகமானது என்று சாட்சி சொன்னார். விசாரணை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான், ஹரைசனில் வரவு செலவு ஒத்துப்போகாத ஒரு பிழை பற்றி அதே பொறியாளர் எழுதிய குறிப்பு அஞ்சலகத்தின் சட்டப் பிரிவுக்கு வந்திருந்தது. எதிர்த்தரப்புக்கு அதைக் காட்டவில்லை. நவம்பர் 11 அன்று 15 மாதச் சிறை விதிக்கப்பட்டது. அன்று அவருடைய மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள். வயிற்றில் இரண்டாவது குழந்தை. பிறகு அந்தக் குழந்தையைப் பெறும்போது காலில் கண்காணிப்புப் பட்டை இருந்தது.

தீர்ப்பு வந்த நாளில் அஞ்சலக வக்கீல் உள்ளுக்குள் அனுப்பிய மின்னஞ்சல் பிறகு வெளியானது. ஹரைசனைக் குறைசொல்லும் கூட்டத்தில் மற்றவர்கள் சேராமல் இருக்க இந்த வழக்கு ஓர் அடையாளமாக இருக்கும் என்று நம்புவோம் என்கிறது. மூன்று முறை படித்தேன். ஜெயிலுக்குப் போகப்போகிற பெண்ணைப் பற்றி அந்த வரியில் ஒரு சொல்கூட இல்லை.

இதுவரை நடந்ததைத் தெரியாமல் செய்தார்கள் என்று ஒருவர் வாதாடலாம். 2013-க்குப் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. எம்.பி.க்களின் நெருக்கடியால் செகண்ட் சைட் என்ற தணிக்கை நிறுவனத்தை அஞ்சலகமே நியமித்திருந்தது. 2013 ஜூலையில் அவர்கள் இடைக்கால அறிக்கை கொடுத்தார்கள், பிழைகள் இருப்பது வெளியே வந்தது. அதே மாதம் அஞ்சலகத்துக்கு ஆலோசனை சொன்ன வக்கீல் ஒருவர், ஃபுஜிட்சு பொறியாளரின் சாட்சியம் நம்பத் தகாதது, பழைய வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். ஆகஸ்டில் அவரே இன்னொரு குறிப்பு எழுத வேண்டி வந்தது: பிழைகளைப் பற்றிப் பேசும் வாராந்திரக் கூட்டத்தின் குறிப்புகளை அழித்துவிடும்படி சொல்லியிருப்பதாகத் தெரிகிறது, அப்படிச் செய்யக் கூடாது என்று. நியாயமான ஒரு நிறுவனம் அன்றே சிறைக்குப் போனவர்கள் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதியிருக்கும். இவர்கள் 2015-ல் செகண்ட் சைட்டை வீட்டுக்கு அனுப்பினார்கள். 39 பேரின் தண்டனை மொத்தமாக ரத்தாக 2021 ஏப்ரல் ஆனது.

நடுவில் இருந்த எட்டு வருடம் யாருடையது? அஞ்சலகத்தின் முழு உரிமையாளர் பிரிட்டன் அரசு. ஆனால் அன்றாட நடப்பில் அமைச்சகம் தலையிடாது என்பது கொள்கை. பாதிக்கப்பட்டவர்களைத் திரட்டிய ஆலன் பேட்ஸ் 2010-ல் சந்திக்க நேரம் கேட்டபோது, அமைச்சர் எட் டேவி சந்திப்பதால் பயன் இருக்காது என்று முதலில் பதில் எழுதினார். சில மாதம் கழித்துத்தான் சந்தித்தார். அமைச்சர் அஞ்சலகத்தைக் கேட்டார், அஞ்சலகம் ஃபுஜிட்சுவைக் கேட்டது, ஃபுஜிட்சு நன்றாகத்தான் இருக்கிறது என்றது, அந்தப் பதில் அப்படியே படியிறங்கி வந்து பேட்ஸின் கையில் விழுந்தது. அமைச்சகத்திலிருந்து யாரும் வெஸ்ட் பைஃப்ளீட்டுக்கோ பிரிட்லிங்டனுக்கோ போய்க் கல்லாவைத் திறந்து பார்க்கவில்லை.

பேட்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேல்ஸில் லாண்டட்னோ ஊரில் கிளை நடத்தியவர். 2000-லேயே அவருக்குத் துண்டு விழ ஆரம்பித்தது. மற்றவர்கள் செய்ததுபோல் கையிலிருந்து போட்டு அடைக்க இவர் மறுத்தார், ஒவ்வொரு கடிதத்தையும் நகல் எடுத்து வைத்தார். 2003-ல் காரணம் சொல்லாமல் ஒப்பந்தத்தை முறித்தார்கள். 2009-ல் கம்ப்யூட்டர் வீக்லி இதழ் ஏழு பேரின் கதையை வெளியிட்டது, பேட்ஸ் அவர்களையும் மற்றவர்களையும் ஒரு சங்கமாகச் சேர்த்தார். உங்களுக்கு மட்டும்தான் என்ற பொய் அன்று உடைந்தது. 555 பேர் சேர்ந்து போட்ட வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி ஃப்ரேசர் தீர்ப்புச் சொன்னார். ஹரைசனில் பிழையே இல்லை என்று அஞ்சலகம் சாதித்தது, உலகம் தட்டை என்று இருபத்தோராம் நூற்றாண்டில் சொல்வதற்குச் சமம் என்று எழுதினார். அதே வழக்கில் அதற்கு முன் வந்த முதல் தீர்ப்பு பாதகமாக இருந்ததும், அந்த நீதிபதியையே மாற்றச் சொல்லி அஞ்சலகம் மனுப் போட்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. எல்லாம் பொதுப்பணம். சமரசத் தொகை 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு. வழக்குச் செலவு போக, 555 பேருக்கும் சேர்த்துச் சுமார் 1 கோடியே 20 லட்சம் மிஞ்சியது.

அதே 2019-ல்தான் தலைமை நிர்வாகியாக இருந்த பாலா வென்னல்ஸுக்கு அரசு சிபிஇ விருது கொடுத்தது. 2024 ஜனவரியில் ஐடிவி தொலைக்காட்சியில் இந்தக் கதை தொடராக வந்து நாடே கொதித்த பிறகுதான் அந்த விருது பறிபோனது. அந்த மே மாதம் நாடாளுமன்றமே சட்டம் போட்டு மீதி நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒரே அடியாக ரத்து செய்தது. தீர்ப்பு, தணிக்கை, ஆவணம் எல்லாம் வருடக்கணக்கில் மேசையில் கிடந்தும் அசையாதது, நான்கு இரவுத் தொடரில் அசைந்தது. இதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. தொடர் எடுக்கப்படாத வழக்குகளில் இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கவலைதான் வருகிறது.

2025 ஜூலை 8 அன்று சர் வின் வில்லியம்ஸ் விசாரணை ஆணையம் தன் அறிக்கையின் முதல் பாகத்தை வெளியிட்டது. குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இந்த விவகாரம் காரணமாக இருந்திருக்கலாம் என்கிறது அது. இன்னும் 59 பேர் தற்கொலையை நினைத்ததாக ஆணையத்திடம் சொன்னார்கள். இழப்பீடாக அதற்குள் 100 கோடி பவுண்டுக்கு மேல் பொதுப்பணத்திலிருந்து போயிருந்தது. போலீஸ் விசாரணையும் நடந்துகொண்டிருந்தது, அன்றுவரை ஒருவர் மீதும் குற்றச்சாட்டு பதிவாகியிருக்கவில்லை. கிளை அஞ்சலகங்களில் அன்றும் காலையில் கடையைத் திறந்ததும் உள்ளே நுழைய வேண்டியிருந்தது ஹரைசனுக்குள்தான்.